தெருவுக்கே காட்டிய சாக்லேட் பெட்டி

தெருவில் 'கூலிங்' என்ற பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரைத் தெரியும். முப்பது வருடமாக ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வருவது ஒரே பேச்சுதான்: "கதவை மூடுங்கம்மா. சும்மா சும்மா திறந்தா வேர்க்கத்தானே செய்யும்?"

அப்படிப்பட்டவர் வீட்டு ஃப்ரிட்ஜ் இரண்டு மாதமாக ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நடுத்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி, அதில் பதினாறு சாக்லேட்டுகள். மகள் தன் கையால் செய்து அனுப்பியவை.

எஞ்சினியரிங் முடித்த பெண் கிடைத்த வேலையை உதறிவிட்டு, வேறு ஊரில் சாக்லேட் பட்டறை ஒன்றில் சேர்ந்தபோது அவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மிட்டாய் கிண்டவா இவ்வளவு படிச்ச?" என்றார். அதன்பின் ஒரு வருடம் அவள் அம்மாவோடு மட்டும் போனில் பேசினாள். பிறகு அந்தப் பெட்டி வந்தது. உள்ளே ஒரு சீட்டு. அதில் 'அப்பாவுக்கு' என்ற ஒரே சொல்.

அவள் வந்தபிறகு சேர்ந்து சாப்பிடலாம் என்று அவர் ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பெட்டி மேஜைக்கு வந்துவிடும். "என் பொண்ணு செஞ்சது. பாத்துக்கோங்க, தொடாதீங்க."

"பச்சக் குழந்தையக்கூட யாரும் இப்படித் தூக்கிக் காட்ட மாட்டாங்க," என்பாள் மனைவி.

மகள் வருவதற்கு முதல்நாள் மாலை பெட்டியைத் திறந்தவருக்குத் திக்கென்றது. பதினாறின் மேலும் சாம்பல் பூசியதுபோல் வெள்ளை. பூஞ்சை என்றே நினைத்தார். ஏதோ ஒரு மூலையில் போட்டு மறந்துவிட்டதாக அல்லவா அவள் நினைப்பாள்? வேறு வாங்கி மாற்றி வைத்துவிடலாம் என்று கடைவரை போனார். ஒவ்வொன்றின் மேலும் அவள் கையால் கீறிய சின்ன இலை எந்தக் கடையில் கிடைக்கும்? வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் மகள் வந்து சாப்பிட்டு எழும்வரை பொறுத்திருந்து, தானே பெட்டியை அவள் முன் வைத்தார்.

"கெட்டுப்போச்சும்மா. நான்தான் கெடுத்துட்டேன்."

அவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள்.

"இது பூஞ்சை இல்லப்பா. குளிர்ல இருந்து வெளிய எடுத்தா மேல வேர்க்கும். அந்த ஈரத்துல சர்க்கரை கரைஞ்சு, காஞ்சதும் வெள்ளையா படிஞ்சிடும்."

ஊருக்கெல்லாம் அவர் சொல்லிவந்த வேர்வை.

"ஒரு தடவை எடுத்தா இவ்வளவு படியாது. எத்தனை தடவை எடுத்தீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "அவரை ஏன் கேக்குற, தெருவைக் கேளு. மாடிவீட்டு டெய்லர் மட்டும் ஆறு தடவை பாத்தாச்சு."

மகள் இலையின் மேல் படிந்த வெள்ளையை விரலால் மெல்லத் துடைத்தாள். பிறகு ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தாள்.

"வெங்காய வாசம் வேற."

"அது உங்கம்மா நறுக்கி வச்ச வெங்காயம்."

"ஆமா, பழிய என் தலையில போடுங்க!"

"சரி, எங்கதான் வைக்கணும்?" அவள் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் வீட்டைச் சுற்றி வந்தாள். ஃப்ரிட்ஜ் மேல் சூடு. ஜன்னலோரம் வெயில். கடைசியில் உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். அவர் தன் கருவிப் பையிலிருந்த தெர்மாமீட்டரை அங்கே வைத்துக் காத்திருந்தார். மார்கழிக் குளிரில் இருபத்திரண்டு டிகிரி.

"போதும். காத்துப் புகாத டப்பாவுல வைங்க. ரொம்ப வெயில் அடிச்சா மட்டும் ஃப்ரிட்ஜ். வெளிய எடுத்தா, குளிர் விட்டப்புறம்தான் டப்பாவைத் திறக்கணும்."

"இவராவது, அதுவரைக்கும் பொறுக்கறதாவது!" என்றாள் மனைவி.

அவர் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மேலே மணல்போல் நெருடியது. உள்ளே மெதுவாகக் கரைந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த தடவை ரெண்டு பெட்டியா அனுப்பு," என்றார். "ஒண்ணு காட்டறதுக்கு."