இரண்டு பக்கமும் ஒரே ஊதா

1

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "சாயம் ஏத்தத் தெரியுமா தம்பி?" சேலத்துச் சாயப்பட்டறைக்காரன் மகனிடம் கேட்கிற கேள்வியா அது? நெஞ்சை நிமிர்த்தித் தலையாட்டினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கால்நடை ஆய்வுக்கூடம். நான் தற்காலிக டெக்னீஷியன். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம். டாக்டரம்மா திருச்செங்கோட்டுக்காரர், பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். சேவலுக்கு மயக்க மருந்து கொடுத்து இடது கால் நரம்பை வெட்டுவார். சில நாள் கழித்து அதன் தண்டுவடம் என் மேஜைக்கு வரும். நான் மெழுகில் பதித்து, மெல்லிய செக்‌ஷனாகச் சீவி, கிரெசில் வயலெட் என்ற ஊதாச் சாயம் ஏற்றி ஸ்லைடு செய்ய வேண்டும். எதற்கென்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2

முதல் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்து நரம்பு செல்கள் கத்தரிப்பூ நிறத்தில் மினுங்கின. இடப்பக்கத்துச் செல்களோ நூறு முறை துவைத்த சட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தன. பாதி ஏறி, பாதி ஏறாத சாயம்! பட்டறையில் இப்படி ஒரு நூல்கட்டு வந்தால் அப்பா இரண்டு நாள் யாருடனும் பேச மாட்டார்.

வேலை போய்விடுமே என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் சரிசெய்தேன். சாயத்தில் இரண்டு மடங்கு நேரம் ஊறவிட்டேன். மிச்சச் சாயத்தை ஆல்கஹாலில் கழுவும் கடைசிப் படியில் பேருக்கு ஒரு முக்கு முக்கி எடுத்தேன். இடமும் வலமும் ஒரே ஊதா. ஒரு தட்டு நிறைய அப்படியே செய்து அடுக்கினேன்.

3

திங்கட்கிழமை சென்னையிலிருந்து அவருடைய ஆராய்ச்சி கைடு வருகிறார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா தட்டு முழுவதையும் பார்த்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாட்டவே இருக்குது. நரம்பை நான் சரியா வெட்டவே இல்லையாட்ட இருக்குது."

அட்டெண்டர் மாரப்பன் மேச்சேரிக்காரர், சேவல்களுக்குத் தீனி போடுபவர். அவருக்கு மனசு கேட்கவில்லை. "வெட்டுனது நெசந்தானுங்க சாமி. நொண்டற நடையப் பாத்து ஒரு பொட்டக்கோழிகூடத் திரும்பிப் பாக்கறதில்லீங்க."

மூவரும் கூண்டின் முன் நின்று பார்த்தோம். கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவர் வெயில் தரையில் நடப்பதுபோல், நரம்பு வெட்டி மிச்சமிருந்த சேவல் ஒன்று நடந்தது. டாக்டரம்மாவின் முகம் தெளியவில்லை. இரண்டு வருட உழைப்பு வீண் என்று கைடுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். ஆறுதல் சொல்ல நினைத்து நான் வாயைத் திறந்தேன்.

"வருத்தப்படாதீங்க மேடம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவைக்க நான் எவ்ளோ பாடுபட்டேன் தெரியுமா?"

பேனா நின்றது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நானும் மாரப்பனும் பதறினோம். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெளுப்புக்குத்தானப்பா இத்தன சாவலு! ஆக்ஸான்ங்கற நீள வாலு அறுந்த செல்லு, தசைக்குச் சேதி அனுப்பற வேலையக் கொறச்சுக்கிட்டு, அறுந்தத வளத்தற வேலைக்கு மாறிக்குது. பழைய ஜீன் செலத அமத்திட்டு, வேற ஜீன முடுக்கி உடுது. சாயம் புடிக்கற துகளெல்லாம் அப்பத்தான் கலையும். உனக்கு அது கறையாத் தெரிஞ்சிருக்குது."

ஸ்லைடுகளைப் பசை கரைக்கும் ஸைலீனில் ஊறப்போட்டு, கவர் கிளாஸைக் கழற்றி, சனியும் ஞாயிறும் ஆல்கஹாலில் கழுவிக்கொண்டே இருந்தேன். கோடையில் பனமரத்துப்பட்டி ஏரி வடிவதுபோல, இடது கரையில் ஊதா முதலில் இறங்கியது. வெளுத்த செல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. நடுவில் இருக்க வேண்டிய நியூக்ளியஸ், பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. திங்கட்கிழமை கைடு வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "குட்" என்றார். கடிதம் குப்பைக்குப் போனது.

ஆய்வுக்கூடத்துக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தப்பு என்று தோன்றுவதைத் திருத்துவதற்கு முன் காட்டிவிடுங்கள். நான் அடுத்த வாரமே கடைப்பிடித்தேன். திட்டுத்திட்டாக வெளுத்த ஒரு ஸ்லைடு வந்தது. கை வைக்காமல், பெருமையோடு கொண்டுபோய் நீட்டினேன். டாக்டரம்மா ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது நெசமாலுமே சாயம் ஏறலப்பா. போய் மறுக்காப் போடு."