தண்ணீர் தொட்டுத் திறந்த கண்

மூன்று வருடத்துக்கு முன், ஒரு தை மாதத்தில், ஹட்டனுக்கு மேலே நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து அறையை விட்டுத் தனி வீட்டுக்குப் போக எங்களுக்குக் கொடுத்து வைத்தது அந்த வருடம்தான். அதற்கு முந்தைய வருடம் என் வீட்டுக்காரர் ஃபெக்டரியில் ஏணியிலிருந்து விழுந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடந்தார். அப்போது லட்சுமித் தாயிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். இவர் எழுந்து நடந்தால் புது வீட்டில் அச்சடித்த படம் வைக்க மாட்டேன், மனுஷக் கையால் வரைந்த உன் படத்தைத்தான் வைப்பேன் என்று. அவர் எழுந்து நடந்தார்.

நுவரெலியாவில் ஒரு கடை. பேர் பெற்ற ஓவியங்களைப் பார்த்து, அப்படியே கையால் வரைந்து வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கொடுப்பதாக போர்ட் போட்டிருந்தார்கள். உள்ளே சூரியகாந்திப் பூ, இலேசாகச் சிரிக்கிற அந்த வெள்ளைக்காரப் பெண்மணி என்று வரிசையாக மாட்டியிருந்தது. நடுவில் நம் லட்சுமி. தாமரையில் நிற்பாளே, பக்கத்தில் தும்பிக்கையில் மாலையோடு யானை நிற்குமே, அதே படம். எந்தக் காலத்திலோ ஒரு பெரிய ஓவியர் வரைந்தது, காலண்டர் வழியாக எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டது.

கடைக்காரன் நம் ஆள்தான். என் தம்பி வயது இருக்கும். நேர்த்தியைச் சொன்னேன். கண்ணை மட்டும் கடைசியில், எங்கள் வீட்டில், நல்ல நேரத்தில் வரைய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். கோயிலில் சாமிக்கு அப்படித்தானே கண் திறக்கிறோம்.

"அதுக்கென்னங்க அக்கா, நானே வந்து தொறந்து வைக்கிறேன்" என்றான்.

பால் காய்ச்சும் அன்று காலையில் படத்தோடு வந்தான். கண் இருக்க வேண்டிய இடம் இரண்டும் வெள்ளையாக இருந்தன. தட்டில் வெற்றிலை பாக்கும் வேட்டியும் வைத்துக் கொடுத்தேன். வயதில் சின்னவன் என்றும் பார்க்காமல் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்த ஆளின் காலை!

நல்ல நேரம் வந்தது. சூடம் ஏற்றினோம். நான் தட்டோடு அவன் பக்கத்திலேயே நின்றேன். கறுப்புச் சாயம் ஒரு கிண்ணத்தில் இருந்தது. தூரிகை அதில் படவே இல்லை. தண்ணீர் டம்ளரில் மட்டும் நனைத்தான், வெள்ளையின் மேல் ஒரு தேய் தேய்த்தான். முழியும் இமையும் முழுசாக வெளியே வந்தன. வெள்ளைத் தண்ணீர் தாயின் கன்னத்தில் வழிந்தது.

"ஐயோ, அம்மா அழுவுறா! ஒரு தடவதான் தொட்டாரு, கண்ணு தானா தொறந்துடுச்சு!" என்று என் நாத்தனார் அலறினாள். எல்லாரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள்.

நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. நல்ல நேரத்தில் அபசகுனமாக ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்.

சாப்பாடு முடிந்து அவன் வெளியே தண்ணீர் விழும் பீலியில் கை கழுவப் போனபோது பின்னாலேயே போனேன்.

"தம்பி, அது அச்சடிச்ச படமா?"

கொஞ்சமும் வெட்கமில்லாமல் சிரித்தான். "துணியில அடிச்சதுதான்க்கா. நகைக்கெல்லாம் தங்கக் கலரு நான்தான் பூசினேன். அதுவும் கைதானே?"

"அப்ப என் நேத்தி என்னாகிறது?"

"சும்மா இருங்கக்கா. ஹோட்டல்காரங்களே கண்டுபிடிக்கல. தோட்டத்துல யாரு இதெல்லாம் பாக்கப் போறாங்க? சனங்க அழுது கும்பிட்டாங்களா இல்லியா?"

தோட்டத்தில் யார் பார்ப்பார்களாம்! கூடையில் ஒரு முற்றல் இலை விழுந்தாலும் எங்கள் கண்ணுக்குத் தப்பாது. மழையிலும் பனியிலும் நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிற எங்களுக்கா கண் இல்லை? வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அவனை அத்தனை ஏசிய நான், சனங்களிடம் சொன்னேனா? சொல்லவில்லை. கண் திறந்த லட்சுமி என்று தோட்டம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. வெள்ளிக்கிழமையானால் ஆட்கள் பூவோடு வந்தார்கள். நானும் குங்குமம் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மேல் டிவிஷனிலிருந்து ஒரு அக்கா வந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, மகள் கையைப் பிடித்து நடப்பவர். வருகிற திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கிளினிக் கார்டை எடுத்துப் படத்தின் கீழே வைத்தார்.

"இனி இது எதுக்கு? தானா கண்ணத் தொறந்தவ எனக்குத் தொறக்க மாட்டாளா? கத்தியெல்லாம் வேணாம், நான் போகப் போறதில்ல."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். தண்ணீர் டம்ளர், வெள்ளைப் பூச்சு, அச்சடித்த துணி, நான் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும்.

"அப்ப இத்தன நாளா எங்கள வச்சு வேடிக்க பாத்தியாடி? நான் கும்பிட்டதும் பொய்யா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"நீங்க கும்பிட்டது பொய்யில்லக்கா. அந்த ஆளு தொறந்ததுதான் பொய். ஆபரேஷனுக்குப் போங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒன் தயவு எனக்கு வேணாம்." எழுந்து போய்விட்டார். கார்டைக்கூட எடுக்கவில்லை. நாத்தனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஏமாற்றியவனை ஒருவரும் ஏசவில்லை, ஏச்செல்லாம் எனக்குத்தான். அதுவும் நியாயம்தான் என்று பிறகு தோன்றியது.

திங்கட்கிழமை காலை கார்டோடு பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். மனதுக்குள் அத்தனை சாமியையும் கூப்பிட்டேன். மகள் கையைப் பிடித்து அந்த அக்கா இறங்கி வந்தார். "கார்டக் குடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பஸ்ஸில் நான் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து மகள் துணை இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தின் கிட்டே போய் மூக்கு இடிக்கப் பார்த்தார். "அச்சுதான்டி. புள்ளி புள்ளியா தெரியுது" என்றார். பிறகு கைகூப்பிக் கும்பிட்டார்.

படத்தை நான் இறக்கவில்லை, தாய் என்ன பாவம் செய்தாள்? நேர்த்தி மட்டும் இன்னும் தீரவில்லை, உண்மையாகவே கையால் வரைகிற ஆளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கடைக்காரன் மேல் கோபம் இன்றுவரை அடங்கவில்லை என்றாலும், கண்ணால் கண்டதைச் சொல்ல மூன்று வெள்ளிக்கிழமை எடுத்துக்கொண்டேனே என்பதுதான் விளக்கேற்றும்போதெல்லாம் என்னைச் சுடுகிறது.