போணிக்கு வந்த பினாங்கு பி.காம்.

பினாங்கில் பிறந்து, திருச்சிக்கு வந்து பி.காம். படித்து முடித்த அமிர்தராஜை, 1958-ல், வேலைக்கு வேண்டாம் என்று சொல்லாத ஆபீஸ் திருச்சி ஜில்லாவிலேயே கிடையாது. ஒரு பாங்கில் போய்க் கேட்டான். அங்கே இருந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, இவன் தமிழனா சீனாக்காரனா என்று பத்து நிமிஷம் பார்த்தார்.

"இந்தியப் பிரஜையாப்பா நீ?"

"இல்லீங்க சார். ஆனா தாத்தாவுக்கு அரியலூர்."

"அப்ப தாத்தாவை வேலைக்கு அனுப்பு."

எல்லா இடத்திலும் இதே கதைதான். பினாங்கில் இவனை இந்தியாக்காரன் என்றார்கள். இந்தியாவில் மலாய்க்காரன் என்றார்கள். நடுக்கடலில் ஒரு ஆபீஸ் இருந்தால்தான் இவனுக்கு வேலை கிடைக்கும் போலிருந்தது.

வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். போகலாம். டோரதி யார் என்று தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

தென்னூரில் அமிர்தராஜ் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே, ரயில்வே குமாஸ்தா சவரிநாதனும் அவர் மகள் டோரதியும் இருந்தார்கள். டோரதி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் பக்கத்து வீட்டுச் சேவல் பொழுது விடிந்துவிட்டதென்று கூவும். அமிர்தராஜ் பெண் கேட்டபோது சவரிநாதன் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாகப் போய்விட்டது.

"இவ அம்மா போனதுக்கப்புறம் எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான், தம்பி. கப்பல் ஏத்தி அனுப்பிட்டு நான் யாரைப் பாத்துக்கிட்டு இருக்கறது? இங்கயே ஒரு வேலை தேடிக்குங்க. அன்னைக்கே ஃபாதர்கிட்ட போய்ப் பேசறேன். வேலை இல்லேன்னா மன்னிச்சுக்குங்க."

பினாங்கிலிருந்து அப்பா டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். தீபாவளி கழிந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பல்.

ஆபீஸ்கள் முடிந்துபோனதால் அமிர்தராஜ் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கு இறங்கினான். நேரந்தவறாமைதான் வியாபாரத்தின் உயிர் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் கழுத்தில் டை, காலில் பளபளக்கும் ஷூவோடு, கடை திறந்து சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் போய் நின்றான்.

"வணக்கங்க. வேலை இருக்குங்களா?"

பூட்டுக்கடை பிச்சமுத்து சாம்பிராணிக் கரண்டியோடு துரத்தினார். பாத்திரக்கடைக்காரர் துரத்தினார். வளையல்கடைக்காரர் வாசலில் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் ஷூவுக்கும் தெளித்தார். தெரு முழுக்க ஓடி வந்ததில் அமிர்தராஜ் பாதி இளைத்துவிட்டான்.

டோரதி கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"காலங்காத்தால போணி ஆகறதுக்கு முன்னாடி போய்க் கையை நீட்டினா, துரத்தாம மாலையா போடுவாங்க?"

"போணின்னா?"

"உங்க பி.காம்.ல அது இல்லையாக்கும்! மொதல்ல வர்ற ஆள் ஏதாவது வாங்கணும். அதை வச்சுத்தான் அன்னைக்கு முழுக்க வியாபாரம். சும்மா வந்து எதையாவது கேட்டா கடைக்கே ஆகாது. மொதல்ல வாங்குங்க, அப்புறம் கேளுங்க."

மறுநாள் பிச்சமுத்து கடையில் ஒரு சின்னப் பூட்டு வாங்கினான். வேலை கேட்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. சாதாரணக் கூட்டமா? கதவே இல்லாதவனெல்லாம் அன்றைக்குப் பூட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் வளையல்கடையில் அரை டஜன் வாங்கினான். சாயங்காலம் சரக்கு தீர்ந்துபோய், கடைக்காரர் தன் சம்சாரத்தின் கையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவ்வளவுதான். பினாங்குக்காரனுக்குக் கைராசி என்று தெருவெல்லாம் பேச்சு. துரத்தின அதே ஆட்கள் காலையில் நடுரோட்டில் நின்று கையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் திருமண்ணும் துளசி மணியும் விற்கிற ஐயங்கார் ஒருவர் ஜட்கா வண்டியே அனுப்பிவிட்டார்.

"தேவரீர் அடியேன் கடைக்கு ஒருநாள் எழுந்தருளணும்!"

கழுத்தில் சிலுவை தொங்க, அமிர்தராஜ் ஒரு பொட்டலம் திருமண் வாங்கிக்கொண்டு வந்தான். தென்னூர் அறையில் பூட்டு, வளையல், கரண்டி, திருமண் எல்லாம் குவிந்து படுக்க இடமில்லை.

ஆனால் வேலை? வேலை என்று வாயைத் திறந்தால் எல்லோரும் பதறினார்கள்.

"நீங்க உள்ள வந்து உக்காந்துட்டா வெளியில இருந்து போணி பண்றது யாரு?" என்றார் பிச்சமுத்து. "நீங்க தெய்வம் மாதிரிங்க. தெய்வத்தைக் கணக்கெழுதச் சொல்லலாமா? காபி சாப்பிடுங்க."

தெருக்கோடியில் கைலி மொத்த வியாபாரி அப்துல் மாலிக்குக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு போகிற கடை. இங்கிலீஷும் மலாயும் தெரிந்த ஆள் கிடைத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவரே தயங்கினார்.

"உங்கள நான் எடுத்தேன்னு வைங்க தம்பி, கைராசியை ஒருத்தனே கட்டி வச்சுக்கிட்டான்னு தெருவே என்மேல பாஞ்சுரும். நாப்பது வருஷமா இவங்களோட இருக்கேன். மாட்டேன்."

தீபாவளி நெருங்கியது. சவரிநாதன் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"வேலை என்னாச்சு தம்பி?"

"தெருவுல எல்லாரும் கூப்பிடறாங்க சார்."

"கூப்பிடறாங்க, சரி. சம்பளம் யாரு தர்றாங்க?"

உள்ளே டோரதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அமிர்தராஜ் கடைத்தெருவுக்குப் போனான். பாத்திரக்கடையில் இருக்கிற அண்டா, குண்டான் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னான். தட்டிப் பார்த்தான். விலை கேட்டான்.

"வேண்டாங்க" என்று சொல்லி இறங்கிவிட்டான்.

கடைக்காரருக்கு வாய் மூடவில்லை. அடுத்து வளையல்கடை. அங்கேயும் அப்படியே. பூட்டுக்கடையில் பிச்சமுத்து ஓடி வந்து காபி டம்ளரை நீட்டினார். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. காபியை வாங்காமல் இருக்கிறதிலேயே பெரிய பூட்டாக விலை கேட்டு, கையில் வைத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தான்.

"என்னங்க இது? வெள்ளனமே, போணி நேரத்துல விலை கேட்டுட்டு வாங்காம போறீங்க!"

"மன்னிச்சுக்குங்கண்ணே."

"அண்ணனாவது தம்பியாவது! நீ நல்லாயிருப்பியாடா? என் தீபாவளியைக் கெடுத்துட்டியே!"

தெருவே எழுந்தது. ஒருவர் வாசலில் கற்பூரம் கொளுத்தினார். ஒருவர் விளக்குமாற்றை எடுத்தார். கொடுத்த வசவையெல்லாம் மூட்டை கட்டினால் ஒரு கூட்ஸ் வண்டி பிடிக்கும். அமிர்தராஜ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். போணிக்கு வேறெதுவும் வாங்கவில்லை.

தெருக்கோடியில் அப்துல் மாலிக் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"எங்கடைக்குமா?"

"இல்ல பாய். ஒரு கைலி கொடுங்க." வாங்கினான். காசைக் கையில் வைத்தான். "இப்ப கேக்கறேன். எனக்கு வேலை வேணும். இனிமே இந்தத் தெருவுல என்னை யாரும் சீண்ட மாட்டாங்க. உங்களோட சண்டைக்கும் வர மாட்டாங்க."

அப்துல் மாலிக் தெருவைப் பார்த்தார். விளக்குமாறுகளைப் பார்த்தார். அவருக்குத் தொப்பை குலுங்கியது.

"அல்லாவே, வேலைக்காக ராசியைக் கொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

இங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதிக்குக் கலெக்டர் ஆபீஸ் படியை அவர்தான் ஏறி இறங்கித் தேய்த்தார். அந்தத் தீபாவளிக்குத் தெருவில் வியாபாரம் வழக்கம்போலக் கொட்டத்தான் செய்தது. இருந்தாலும் பிச்சமுத்து அமிர்தராஜோடு பேச இரண்டு பொங்கல் ஆனது.

வேலை கிடைத்த அன்று சாயங்காலம் சவரிநாதன் கேட்டார்: "பி.காம். படிச்சிட்டு, தரையில சம்மணம் போட்டு உக்காந்து கைலிக்கடையில கணக்கெழுதப் போறீங்களா?"

"ஆமா சார்."

சவரிநாதன் சட்டையை எடுத்து மாட்டினார்.

"டோரதி, செருப்பு எங்க? ஃபாதர் ஜெபத்துக்கு உக்கார்றதுக்குள்ள போய்ப் பேசிட்டு வந்துடறேன்."

டோரதி சிரித்தாள். சேவலைக் கேட்கவா வேண்டும்.

கப்பல் சொன்ன தேதியில் நாகப்பட்டினத்தை விட்டுப் போனது. அமிர்தராஜின் இடத்தில் யாரோ ஒரு வெங்காய வியாபாரி, பினாங்கு வரைக்கும் சொகுசாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போனதாகக் கேள்வி.