மன்னாரில் கையெழுத்துப் பிடிக்கிற வேலை

கையெழுத்து வாங்கப் போகிறவனுக்குத் தேத்தண்ணி கிடைக்கும். அந்தக் கையெழுத்தைக் கணினியில் பத்திரப்படுத்தப் போகிறவளுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும். எனக்கு வாய்த்தது இரண்டாவது தொழில். போனிலேயே விரலால் கையெழுத்து வைக்கிற ஒப்பந்தங்கள் இப்போது மன்னாருக்கும் வந்துவிட்டன. கையெழுத்தானதும் தானாகப் பெயர் வைத்து, தானாக உரிய ஃபோல்டரில் போட்டு, தானாக ஆளுக்கொரு பிரதி அனுப்புகிற ஆட்-ஒன் என்ற குட்டிக் கருவியைக் சங்கம், ஆலை, கம்பனி என்று கந்தோர் கந்தோராகப் போய்ப் பொருத்திக் கொடுக்கிறேன். கூட வருபவள் நஸ்ரின். ஸ்கூட்டி அவளுடையது, வாய் என்னுடையது. 'தானாக' என்ற சொல்லை நம்பி மோசம் போன சக பாவிகளே, கேளுங்கோ.

அந்தோனிமார்

மன்னார்த் தீவில் ஒரு மீனவர் சங்கம். உறுப்பினரின் பெயரே ஃபைலின் பெயராகவும் இருக்கட்டும் என்று ஆட்-ஒன்னைப் பழக்கியிருந்தோம். அந்தச் சங்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு அந்தோனியின் மேல்தான் விழவேண்டும். ஒவ்வொரு அந்தோனியின் ஒப்பந்தம் வரும்போதும் முந்திய அந்தோனியின் ஒப்பந்தம் அழிந்து, கடைசியில் ஒரேயொரு அந்தோனி மிஞ்சினார். அடையாள அட்டை இலக்கத்தைப் போடுவோம் என்றேன். சங்கத் தலைவர் மரியதாஸ் அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. "இலக்கத்தைச் சொன்னால் ஆருக்குப் பிள்ளை ஆளைத் தெரியும்? பட்டப்பேரைப் போடுவம்" என்று கதிரையை இழுத்துப் போட்டு அவரே தட்டினார்: சுறா அந்தோனி, கட்டை அந்தோனி, புளுகு அந்தோனி...

ஆட்-ஒன் தன் கடமையைச் செய்தது. எல்லாரும் மறுபடி கையெழுத்து வைத்ததும், அதே பட்டப்பெயர்களோடு ஆளுக்கொரு பிரதி பறந்தது. அடுத்த நாள் காலமை ஒரு அந்தோனி கடலிலிருந்து நேரே வந்து எங்கள் முன் போனை நீட்டினார். 'புளுகு அந்தோனி' என்று இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "பட்டப்பேர் போட்டது பிழையில்லைப் பிள்ளை. ஆனால் சுறா பிடிச்சவன் நான். என்ர பேரை ஏன் அந்தப் புளுகனுக்குக் குடுத்தனீங்கள்?"

கிளவுட்

அதே சங்கத்தில் எழுதுவினைஞராக இருக்கும் செபமாலை ஐயா, ஆட்-ஒன் சேமிக்கும் ஒவ்வொன்றையும் அச்செடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அச்சு மை முடிந்துபோய்த் தலைவர் கத்தத் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாம் கிளவுட்டில பத்திரமாய் இருக்கு ஐயா, அலுமாரி தேவையில்லை" என்றேன். கிளவுட் என்றால் என்னவென்று கேட்டார். மேகம் என்று சொல்லித் தொலைத்தேன். யன்னலால் எட்டி, வெயிலில் வெளுத்துக் கிடந்த வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அலுமாரிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். "மன்னாரில மேகத்தை நம்பி ஆர் பிள்ளை எதையும் வைச்சவன்?"

மேலே ஒரு பெட்டி

நானாட்டானில் அரிசி ஆலை வைத்திருக்கிற சிவலிங்கம் ஐயாவுக்கு அவசரம். அறுவடை தொடங்கப் போகிறது. வெளியூர் வியாபாரிகளின் லொறிகள் வயல் வரம்பு வரைக்கும் வந்துவிட்டன. அதற்கு முன் நெல் விளைவித்த கமக்காரர்களோடு ஒப்பந்தம் முடியாவிட்டால் இந்தப் போகம் ஆலை சும்மா கிடக்கும். நான் நீட்டிய போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கையெழுத்துக்கான இடத்தில் விரலால் அழகாக 'உ' என்று பிள்ளையார் சுழி போட்டார். பிறகு, கையெழுத்து வைக்க அடுத்த பக்கம் வரும் என்று நினைத்துப் பச்சைப் பொத்தானை அமத்தினார். ஒப்பந்தம் முடிந்து, பூட்டி, ஃபோல்டருக்குள் போய்விட்டது. "பிள்ளை, நான் இன்னும் கையெழுத்தே வைக்கேல்லை!" என்று கத்தினார். நஸ்ரின் சிரிப்பை அடக்க முடியாமல் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

சுழி போடாமல் அவர் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார். ஆகவே ஒப்பந்தத்தின் தலையில் அதற்கென்றே சின்னதாக ஒரு பெட்டி அமைத்துக் கொடுத்தேன். மறந்துபோகக் கூடாதாம், அதை நிரப்பாமல் கையெழுத்து விழக்கூடாது என்றும் கட்டளை. அப்படியே செய்தேன். அதே ஒப்பந்தம்தான் கமக்காரர்களுக்கும் போகிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஸ்கூட்டியில் போகும்போது ஒரு கமக்காரர் போனில் கேட்டார்: "தங்கச்சி, மேல ஒரு பெட்டி கிடக்கு. என்னத்தைப் போட?" காற்று இரைச்சலில் நான் சொன்னது இதுதான்: "உங்கட வழக்கம் என்னவோ அதைப் போடுங்கோ." அந்தச் செய்தி வாய்க்கால் தண்ணி மாதிரி எல்லா வயலுக்கும் பாய்ந்துவிட்டது.

பின்னேரம் ஆலையில் ஃபோல்டரைத் திறந்தோம். ஒன்றின் தலையில் சிலுவை, ஒன்றில் 786, ஒன்றில் வேல். ஒரு இளந்தாரி இதயம் கீறி அம்பும் விட்டிருந்தான். ஐயா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். "எல்லாச் சாமியும் கையெழுத்து வைச்சிட்டினம் பிள்ளை. இனி நெல்லு என்னட்டை வராமல் எங்க போறது?"

காத்திருக்கிறேன்

வெள்ளாங்குளத்தில் ஒரு கட்டட ஒப்பந்தகாரர். ஆள் நல்லவர்; ஆனால் எதையும் நாளைக்குப் பார்ப்போம் என்கிற சாதி. அவர் கையெழுத்து வைக்கும் வரைக்கும் தினமும் காலமை நினைவூட்டல் போகும்படி ஆட்-ஒன்னில் ஒழுங்கு செய்தேன். கணக்கு என் பெயரில் இருந்தது. வாசகத்தைத் தமிழாக்கியவள் நஸ்ரின். 'உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறேன்' என்று எழுதி, கீழே என் பெயரையும் போன் இலக்கத்தையும் போட்டுவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் சோற்றில் கைவைக்கும் நேரம் ஒரு பெண் போன் எடுத்தார். "ஆர் நீர்? என்ர மனிசனுக்காக ஏன் ஒவ்வொரு விடியவும் காத்திருக்கிறீர்?" எதிரே இருந்த நஸ்ரின் சிரித்தபடி மேசைக்குக் கீழே போய்விட்டாள். அது நான் இல்லை, கருவி. அவர் கையெழுத்து வைக்கும் வரைக்கும் விடாது, வைத்தால் அந்த நிமிசமே நிற்கும் என்று விளக்கினேன். அந்தப் பக்கம் ஒரு அதட்டல், ஒரு முணுமுணுப்பு. என் கணினியில் 'டிங்' என்று கையெழுத்து வந்து விழுந்தது. பிறகு அந்த அக்காவின் குரல் தணிந்தது. "தங்கச்சி, உது மிசின் எண்டால் எனக்கும் ஒண்டு பூட்டி விடுமன். இந்த மனிசன் எங்கட கிணத்துக்குக் கட்டுக் கட்டுறன் எண்டு சொல்லிச் சொல்லியே காலம் போகுது."

சிக்னல்

தலைமன்னார் வின்சன் அண்ணையின் கதையில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பு நண்டுக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம் சரிவந்து முற்பணம் கிடைத்தால்தான் அவருக்கு அந்தப் பருவத்துக்கு வலை. நாட்டுக்கு வெளியே வைத்த கையெழுத்துகளைப் பிரித்து 'சந்தேகம்' என்ற ஃபோல்டரில் போடும்படி கம்பனி கேட்டிருந்தது; அப்படியே செய்து கொடுத்திருந்தேன். அண்ணை கரையில் நின்றுதான் கையெழுத்து வைத்தார். ஆனால் அவருடைய போன் கடலுக்கு அக்கரையில் இருக்கிற போன் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்து, இடம் 'இந்தியா' என்று எழுதிவிட்டது. ஒப்பந்தம் சந்தேகத்துக்குள் போய்விட்டது.

"உங்கட ஆள் எல்லை தாண்டிப் போறவரோ? இப்பிடியான ஆக்களோட எங்களுக்குச் சரிவராது" என்று கம்பனி அதிகாரி போனில் இறுக்கமாகச் சொன்னார். என்ன விளக்கினாலும் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற வின்சன் அண்ணையின் முகம் கறுத்துப் போனது. ஒலிபெருக்கியைப் போட்டு, நீங்களே கதையுங்கோ என்று போனை அவரிடம் கொடுத்தேன். அவர் கதைத்து முடித்தார். அந்தப் பக்கம் அதிகாரி சிரித்துவிட்டார். அன்றைக்கே ஒப்பந்தம் 'முடிந்தவை' ஃபோல்டருக்கு மாறியது, அண்ணை வலையும் வாங்கினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சேர், இந்தியாக்காரரின்ர படகும் இஞ்ச வருது, அவையின்ர சிக்னலும் இஞ்ச வருது. கரையில நிக்கிற என்னை ஏன் கேக்கிறியள்?"

எந்த ஃபைலை எந்த ஃபோல்டரில் போடுவது என்று ஆட்-ஒன்னுக்கு ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடுகிறேன், ஆனால் இந்த மனிசரை எதில் போடுவது என்றுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.