ஆட்டம் இருக்கிற டர்போ

சாவியைப் பிடுங்கிய பிறகும் ஒரு கார் ஓடியது என்று 2006-இல் கல்பாக்கம் முதல் செங்கல்பட்டு வரை பேச்சு. தனகோடி விற்ற பழைய டர்போவில் செத்தவன் ஆவி இருந்ததாம். அந்த ஆவி எந்த ஊர், என்ன சாதி என்பது வரைக்கும் டீக்கடைகளில் தகவல் கிடைத்தது. விசாரித்ததில் ஒன்று மட்டும் மெய்: கார் ஓடியது.

தனகோடி மறைமலைநகரில் பதினோரு வருஷம் லேத் ஓட்டியவர். ஆலையில் ஆட்களைக் குறைத்ததும் செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் கடை போட்டார். வேகத்துக்காகக் காரை மாற்றிக் கட்டுகிறவர்களுக்குக் கழற்றிய சாமான் விற்பார். புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் நத்தை வடிவச் சாமான்தான் டர்போ. பழசை வாங்குகிறவன் உள்ளே விரல் விட்டு நடுத்தண்டை அசைத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் தேய்ந்துவிட்டது. அதற்குத் தொழிலில் 'ஆட்டம்' என்று பேர். விரல் விடாதவனுக்குத் தனகோடி சாமான் கொடுத்ததில்லை, ஒரே ஒரு தடவை தவிர.

அன்று அவர் மதுராந்தகத்தில் ஒரு காரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து, தன் காருக்கு டர்போ தேடிக் கடைக்கு வந்த பாலா போன் போட்டான்.

"அண்ணாத்த, மேல்தட்டுல ஒண்ணு கீதே, அது எப்புடி?"

"அதுல ஆட்டம் கீதுடா."

"இன்னும் ஆட்டம் கீதா?" பாலா சிரித்தான். "அப்ப அதான் வேணும். அண்ணிய எடுத்துக் குடுக்கச் சொல்லு."

தெரிந்துதான் கேட்கிறான், சரிபண்ணிப் போட்டுக்கொள்வான் என்று தனகோடி நினைத்துக்கொண்டார். கையெல்லாம் கிரீஸ். மனைவி ரெபேக்காள் எடுத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், சதுரங்கப்பட்டினம் போகிற வழியில் தண்டு முறிந்தது. டர்போவின் எண்ணெய் உள்ளே பாய, டீசல் எஞ்சின் அதையே குடித்து எகிறியது. பாலா சாவியை எடுத்தான், நிற்கவில்லை. கிளட்சை மிதித்தால் சக்கரமாவது எஞ்சினிலிருந்து விடுபட்டிருக்கும், பதற்றத்தில் அது மறந்துபோயிற்று. கார் சவுக்குத் தோப்பில் போய் நின்றது.

ஆஸ்பத்திரியில் முட்டியில் கட்டோடு கிடந்த பாலா கேட்டான்: "ஆட்டம் கீதுன்னியே, அண்ணாத்த? இன்னும் நல்லா ஆடும்னுல்ல நெனச்சேன்."

"ஆட்டம்னா லூசுடா."

"லூசுன்னே சொல்லியிருக்கலாமே."

திரும்பும்போது ரெபேக்காள், "நீதான் சொன்னியே, உம்மேல இன்னா தப்பு?" என்றாள்.

"சொன்னேன். அவன் சிரிச்சான். ஆட்டம் கீதுன்னா எவனாச்சும் சிரிப்பானா? அப்பவே தெரிய வேணாம் எனக்கு?"

ஆவிக் கதையைத் தனகோடி மறுக்கவில்லை, ஆகவே அது உண்மை என்கிறது ஊர். மறுப்பதானால் 'ஆட்டம்' என்ற அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே. இப்போதெல்லாம் அவர் 'தேஞ்சிருச்சு' என்றுதான் சொல்கிறார்.

வேறொரு டர்போவைப் பிரித்து, புது பேரிங் போட்டு, சாக்பீஸால் 'பாலா' என்று எழுதி மேல்தட்டில் வைத்தார். எவர் விலை கேட்டாலும் "அது குடுத்தாச்சு" என்பார். ஒருநாள் கம்பெனி பஸ்ஸுக்கு ஒரு காலை விறைப்பாக நீட்டி நின்ற பாலாவிடம் போய், "வந்து விரல் வுட்டுப் பாத்து எடுத்துனு போடா" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாத்த. முட்டி மடங்கட்டும், வரேன்."

மடங்காது என்று டாக்டர் சொன்னபோது இருவருமே அங்கே இருந்தார்கள்.

மழைக்காலத்தில் சாக்பீஸ் எழுத்து மங்கிவிடுகிறது. தனகோடி ஸ்டூல் போட்டு ஏறி மறுபடி எழுதுகிறார்.