எல்லார் வாயிலும் நுழைகிற பெயர்

என் மூத்த பிள்ளை பிறந்தபோது உலகத்தில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரில் என் புகுந்த வீட்டில், அவனுக்கு என்ன பெயர் வைப்பது என்று அதைவிடப் பெரிய யுத்தம். பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பிரசவமும் இங்கேதான். வழக்கப்படி முதல் பேரனுக்குத் தாத்தாவின் பெயர், அதாவது என் மாமனாரின் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே வழக்கம்தான். பத்து மாதம் சுமந்தவள் பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. இதை ஏற்படுத்திய மகான் பிள்ளை பெற்றிருக்க மாட்டார்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் இதே கதை. அதனால் எல்லாப் பையன்களும் அம்பிதான். சாயங்காலம் ஒருத்தி “அம்பி” என்று குரல் கொடுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எனக்கு என் பிள்ளையை அவன் பெயரால் கூப்பிட வேண்டும். ஆசை என்று நாசூக்காகச் சொல்வானேன், வெறி.

நல்ல வேளையாக என் கணவருக்கு வேறொரு கவலை. கம்பெனியில் வெள்ளைக்கார துரை இவர் பெயரைத் தினமும் மென்று துப்புவாராம். பிள்ளைக்கு அந்த அவதி வரக் கூடாது, துரை, பம்பாய்க்காரன், பாய், எல்லார் வாயிலும் நுழைகிற பெயர் வேண்டும் என்றார். நான் கற்பூரம் ஏற்றாத குறை.

பெயர்களைப் பரீட்சை பார்க்கக் கிளம்பினார். தையற்கார பாய், “நீட்டமா கீது சாமி, கொஞ்சம் கத்திரிச்சுக் குடுங்க” என்றாராம். ரிக்‌ஷாக்காரர் இன்னொன்றைக் கேட்டுவிட்டு, “இன்னா சாமி, இது புள்ளைக்குப் பேரா, வியாதிக்குப் பேரா?” என்றாராம்.

பெயர் வைக்கிற புண்யாகவாசனத்துக்கு முதல் நாள் ஆபீஸிலிருந்து குதித்துக்கொண்டு வந்தார். வேறு வழியில்லாமல் தன் அப்பாவின் பெயரையே சொல்லிப் பார்த்தாராம். துரை முதல் தடவையிலேயே தெளிவாகச் சொன்னாராம். பாயும் ரிக்‌ஷாக்காரரும்கூட.

“கையில வெண்ணெயை வெச்சுண்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன். உலகத்துல யார் வேணாலும் சொல்லலாம்.”

“ஏன்னா, நான் சொல்லலாமா?”

“நீ அம்பின்னு கூப்பிடேன்.”

கையிலிருந்த கஷாயத்தை அவர் தலையில் கொட்டாமல் விட்டது அவர் முன்னோர் செய்த புண்ணியம்.

மறுநாள் அவர் அரிசியில் பெயரை எழுதி, குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார். அடுத்து என் முறை. சாஸ்திரிகள், “நீ சும்மா உதட்டை அசைச்சாப் போறும்” என்றார். துரை வாய் நிறையச் சொல்லலாம், நான் மட்டும் ஊமை நாடகம் ஆட வேண்டுமா? குனிந்து, அந்தப் பெயரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

ஊஞ்சலில் இருந்த மாமனார், “என்னம்மா?” என்று எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான், கூப்பிட்டது தன்னை இல்லை என்று அவருக்கு உறைத்தது.

“எங்கம்மா போனப்பறம் இந்த ஆத்துல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை” என்றார். “நீ இப்படியே உரக்கக் கூப்பிடு. எனக்கும் கேக்கட்டும்.”

கூப்பிட்டேன். பிள்ளை நடக்கத் தொடங்கியதும், அந்தப் பெயரோடு கழுதை, குரங்கு எல்லாம் சேர்த்து நாள் முழுக்கக் கத்தினேன். மாமனார் ஊஞ்சலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டு குரலே எழும்பவில்லை. பொழுது சாயும்வரை பொறுத்துப் பார்த்தவர், சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“என்னம்மா, இன்னிக்கு என்னை யாருமே திட்டலையே?”