ஆறுமுகத்தாய் கட்டிலில் இருந்து எடுத்த படங்கள்

ஆறுமுகத்தாய் மைனியின் முழங்காலைப் பற்றி யாராவது இரக்கமாகப் பேச வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்குக் கெட்ட நேரமாம், அதனால் விழுந்தாளாம். நேரம் ஒன்றும் கெடவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் குழாயடித் தரை பெயர்ந்து, தண்ணீர் தேங்கி, பாசி பிடித்துக் கிடந்தது. சத்துணவு அமைப்பாளர் அப்பாத்துரையிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள். ‘பாப்போம், பாப்போம்’ என்று மூன்று முறையும் தலையாட்டியிருக்கிறார். பிப்ரவரி மாதம் ஒரு நாள் சாம்பார் அண்டாவை இறக்கி வைக்கும்போது கால் வழுக்கியது. அண்டாவைக் கவிழ்த்துவிடாமல் தரையில் வைத்துவிட்டுத்தான் விழுந்தாள். அன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். அவளுடைய வலது முழங்கால் சில்லு கீறிப்போனது.

நான் செல்வமணி, ஊருக்குச் செல்வி. அவளுக்கு அடுத்த வீடு, மதினி முறை. பி.காம் படித்துவிட்டுப் பத்தமடையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சும்மா ஜெராக்ஸ் எடுக்கிற வேலை மட்டும் இல்லை. பட்டா மாற்றமா, முதியோர் பென்ஷனா, வாரிசுச் சான்றிதழா, ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பது நான்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அப்போது நான் விவரம் தெரியாதவள் என்று யாரும் எனக்காகப் பரிந்துகொண்டு வரக்கூடாது.

மைனிக்கு நாற்பத்தொன்பது வயது. புருஷன் போய் எட்டு வருஷம். ஒரே மகள் கோமதி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். பதினாறு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல் வேலைதான் மைனிக்குச் சோறு, மரியாதை எல்லாம். மாவுக்கட்டுப் போட்டு பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வரும்போதே, “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்போது நான் அடுப்புக்கு முன்னால நிக்கணும்ளா” என்றாள். வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பயம் எனக்குத் தெரியும். அவள் விழுந்த மறுநாளே அவள் இடத்தில் தற்காலிகமாக வந்து நின்றது அப்பாத்துரையின் கொழுந்தியாள்.

ஆறு வாரம் காலை மடக்கக்கூடாது, கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயில் படுத்துப் பழகிய உடம்பு. கட்டில் என் வீட்டில் இருந்து போனது. முதல் வாரம் அவளோடு இருப்பதே பெரும்பாடு. ஃபேன் சுற்றுகிற சத்தம் பிடிக்கவில்லை, நான் வைத்த ரசம் பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை. கடைசியில், கோமதி விட்டுவிட்டுப் போன பழைய போனை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஒரு மூலையில் கண்ணாடி விரிசல், ஆனால் படம் நன்றாக விழும்.

முதல் படம் ஃபேன். அடுத்த பத்துப் படமும் ஃபேன்தான். அதற்குப் பிறகு அவளுக்குக் கண் திறந்துவிட்டது. பதினொரு மணிக்கு நான் கடையில் இருந்து வந்து சோறு வடிக்கும்போது அடுக்களை வாசலில் ஏறுகிற ஆவியை எடுத்தாள். ஈரச் சேலை கொடியில் ஆடும்போது அதன் நிழல் சுவரில் ஆடுவதை எடுத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து பித்தளைக் குடத்தின் இடுப்பில் மட்டும் விழும். அந்த ஒரு படத்துக்காக மூன்று நாள் காத்துக் கிடந்தாள்.

“என் வீட்டுக்குள்ள இந்த வெயில் வரும்னே எனக்குத் தெரியாதுளா. பகல்ல நான் என்னைக்கு இங்கன இருந்திருக்கேன்?” என்று கேட்டாள்.

நான் குடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள், தன் வீட்டுக் குடத்தில் வெயில் விழுவதைப் பார்க்கக் காலை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மறுநாள் முழுக்க கடைக்கு வந்தவர்கள் மேல் எரிந்து விழுந்தேன்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் பார்க்கப் போகாமல் இருப்பது பெரிய குற்றம். வெறுங்கையோடு போவது அதைவிடப் பெரிய குற்றம். ஹார்லிக்ஸ், ரொட்டி, சாத்துக்குடி என்று கொண்டு வருவார்கள். கட்டிலில் உட்கார்ந்து மாவுக்கட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். தங்கள் சொந்தத்தில் முழங்கால் போனவர்கள் கதையை எல்லாம் சொல்வார்கள். அதில் ஒருவராவது நடந்ததாகக் கதை கிடையாது. எல்லோருக்கும் காப்பி போடுவது நான்.

மைனி வந்தவர்களையும் எடுத்தாள், அவர்கள் கொண்டுவந்ததையும் எடுத்தாள். படுத்துக்கொண்டே எடுப்பதால் எல்லோருக்கும் முகவாயும் மூக்கும்தான் விழும். மேலத்தெருப் பெரியம்மை தன் படத்தைப் பார்த்துவிட்டு, “ஏட்டி, சீக்காளின்னு பாக்க வந்தா என் மூக்கு ஓட்டையவா எடுத்து வச்சிருக்கே?” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். மைனி அன்றைக்குத்தான் விழுந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மார்ச் கடைசியில் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாகச் சூம்பிப் போயிருந்தது. கட்டிலில் குதிகாலை இழுத்து இழுத்து மடக்கிப் பழக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள். தினமும் காலையில் ஒரே இடத்தில் இருந்து காலைப் படம் எடுப்பாள். விரலால் தள்ளித் தள்ளி நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு என்று பார்ப்பாள். மடக்கம் கூடாத நாளில் யாரோடும் பேசமாட்டாள். மூன்றாவது வாரம் கம்பை ஊன்றிக்கொண்டு பின்வாசல் வரை போய் கால்வாய்க் கரை வாழைகளைப் படம் எடுத்து வந்து காட்டினாள். படம் கோணலாக இருந்தது. அதைக் கோமதிக்கு அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை போனைக் கீழே வைக்கவில்லை.

ஏப்ரல் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாத்துரை வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை, கக்கத்தில் தாள் செருகிய ஒரு அட்டை. வந்தவுடன் கண் கலங்கினார். கலங்கியதை நானே பார்த்தேன், அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. “நீ இல்லாம சாம்பார்ல ருசியே இல்லம்மா. பிள்ளைய எல்லாம் உன்னயத்தான் கேக்குதுவ” என்றார். மைனி உருகிப்போனாள். மடக்கிக் காட்டு என்று அவர் கேட்காமலே காலை மடக்கிக் காட்டினாள்.

நான் காப்பியோடு வந்தபோது ஆப்பிளையும் அட்டையையும் கட்டிலின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். காப்பியை வாங்கிக்கொண்டு பேனாவை நீட்டினார்.

“மெடிக்கல் லீவ நீட்டிக்கணும்லா, அதுக்கு ஒரு கையெழுத்து. பைய போடும்மா, அவசரம் இல்ல. செல்வி, நீயும் சாட்சிக்கு ஒண்ணு போட்டுரு. படிச்ச புள்ள கையெழுத்து இருந்தா நல்லது.”

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வந்தவர் நீட்டுகிற தாளை அவர் கண் முன்னால் படித்துப் பார்க்க மாட்டோம். படித்தால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம். கண் கலங்கிய மனுஷன், பழம் வாங்கி வந்த மனுஷன், காப்பி கையில் இருக்கிறது. மைனி கையெழுத்துப் போட்டாள். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ‘படிக்காமல் எதிலேயும் கையெழுத்துப் போடாதீங்க’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற நானும் போட்டேன். படித்த புள்ள என்று அவர் சொன்னதில் கொஞ்சம் பெருமை வேறு. இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் போன பிறகு மைனி என்னைக் கூப்பிட்டாள். அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வழக்கம்போல ஆப்பிளைப் படம் எடுத்திருந்தாள்.

“இங்கன பாரு, ஆப்பிள் மேல நம்ம ஜன்னல் தெரியுது. கம்பிகூட எண்ணலாம்.”

விரல்களால் பெரிதாக்கினாள். நிஜமாகவே ஜன்னல் தெரிந்தது. ஆப்பிளுக்குப் பக்கத்தில் அட்டையில் இருந்த தாளும் தெரிந்தது. டைப் அடித்த எழுத்து. எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் இருக்க முடியாத கண் எனக்கு. காப்பி கொடுக்கும்போது அந்தக் கண் எங்கே போனதோ தெரியவில்லை.

போனைச் சாய்த்துப் பிடித்து வாசித்தேன். வீட்டில் வழுக்கி விழுந்ததால் முழங்கால் மடங்காத நிலையில், என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, சமையலர் பணியில் இருந்து விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே சாட்சி என்று போட்டு ஒரு கோடு. படத்தில் அது காலியாக இருந்தது; அடுத்த நிமிஷம் அந்தக் கோட்டின் மேல்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மைனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் தீராது. சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பையில் இருந்து ஒரு ஆப்பிளை எடுத்து வாசலைப் பார்த்து எறிந்தாள். பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஆறும் தெருவில் போய் விழுந்தன. “வீட்ல விழுந்தேனாமா? வீட்லயா விழுந்தேன்?” என்று ஒவ்வொன்றுக்கும் கத்தினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையிலேயே கடையைத் திறந்து அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்தேன். மனு எழுதினேன். இருவரும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். சத்துணவுப் பிரிவு மாடியில் இருந்தது. இருபத்திரண்டு படி. நோயாளிகளும் கிழவிகளும் மனுவோடு வருகிற பிரிவை மாடியில் வைக்க வேண்டும் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ. ஒவ்வொரு படிக்கும் நல்ல காலை வைத்து, கெட்ட காலை இழுத்து, கம்பை ஊன்றி ஏறினாள். சேலையெல்லாம் வேர்வை.

அதிகாரி பொறுமையான மனிதர்தான். கடிதம் காலையிலேயே அவர் மேஜைக்கு வந்துவிட்டிருந்தது. அப்பாத்துரையும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, “வாம்மா, இந்தக் காலோட ஏன் அலையுத?” என்றார். மனுஷனுக்கு நெஞ்சழுத்தம் இருக்க வேண்டும், ஆனால் இவ்வளவு கூடாது.

அதிகாரி மனுவைப் படித்து, அதோடு வைத்திருந்த படத்தையும் பார்த்தார். “கையெழுத்து உங்களதுதானே? எனக்கு ஒரு சந்தேகம்மா. முழங்கால் மடங்காம அடுப்பு முன்னால எப்படி உக்காந்து சமைப்பீங்க?”

“நாங்க நின்னுகிட்டுத்தான் சமைக்கோம் சார்” என்றாள் மைனி. “கேஸ் அடுப்பு வந்து எத்தன வருஷமாச்சு. நீங்க ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீளா? வந்திருந்தா அந்தக் கொழாயடியையும் பாத்திருப்பீய.”

அதிகாரி மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். சாட்சி யார் என்று கேட்டார். நான் முன்னால் வந்தேன்.

அப்பாத்துரை என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. “செல்வி, நீ பி.காம். ஊருக்கே மனு எழுதுத புள்ள. நீ படிக்காமலா கையெழுத்துப் போட்டே? சார்ட்ட சொல்லும்மா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். படித்தேன் என்றால் என் மானம் தப்பும், மைனியின் வேலை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி கிழிக்காமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

“படிக்கல சார். லீவு லெட்டர்னு சொன்னார். நம்பிப் போட்டேன்.”

“அதை எழுத்தில் கொடுங்க” என்றார் அதிகாரி.

எழுதினேன். பட்டதாரியான நான் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று, அத்தனை பேர் பார்க்க, என் கையால். அதிகாரி அதை வாங்கி ஆறுமுகத்தாயின் கடிதத்தோடு சேர்த்துக் குத்தினார். விலகல் ஏற்கப்படவில்லை, ஜூன் வரை மருத்துவ விடுப்பு என்று பச்சை மையில் எழுதினார். குழாயடியைப் போய்ப் பார்க்கிறேன் என்றார். அப்பாத்துரையிடம் விளக்கம் கேட்பதாகச் சொன்னார். அப்பாத்துரை வேட்டியைச் சரிசெய்துகொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார். அவருக்கு இரண்டு முழங்காலும் நன்றாக மடங்குகிறது.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். முதலில் கெட்ட காலைக் கீழே வைக்க வேண்டும். நான் ஒரு படி கீழே நின்று கையைக் கொடுத்தேன். மைனி அதைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்தாள். வேலை நிலைத்ததே, இனி சந்தோஷமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

“அவரு கேட்டதும் நீ ஒடனே சொல்லலையேளா” என்றாள். “அவ்வளவு நேரமும் எனக்கு நெஞ்சு அடிச்சது ஒனக்குக் கேட்டுச்சா?”

இன்னும் பதினொரு படி இருந்தது.